மருந்தகத் திண்ணை: செடிச் சாறும் செம்பனைக் காட்டு வெயிலும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முகத்தைப் பற்றியவை. செடிகளின் சாறு தோல் மூப்பைத் தடுக்குமா என்ற ஒரே கேள்வியைத்தான் பலரும் பல விதமாகக் கேட்டிருக்கிறார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெயர் வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எவருடைய பெயரையும் போடவில்லை.

கேள்வி: எனக்கு வயது 63, என் தங்கைக்கு 61. ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அவள் பல ஆண்டுகள் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினாள். நான் மறுநடவு செய்த செம்பனைக் காட்டில் மருந்தடித்தேன். இன்று கோயிலில் எங்களைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் நான் அவளுடைய அம்மாவா என்று கேட்கிறார்கள். என் மகள் திராட்சை விதைச் சாறு கலந்த சீரம் ஒன்றை 180 வெள்ளிக்கு வாங்கித் தந்திருக்கிறாள். அதிலுள்ள ஆன்டிஆக்சிடன்ட் தோலை மீண்டும் இளமையாக்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. நம்பலாமா?

பதில்: அம்மா, விடையில் பாதியை நீங்களே எழுதிவிட்டீர்கள். பால்மரம் வெட்டுகிறவர் விடியுமுன் பெரட்டுக்கு (ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு)ப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கி, வெயில் உறைப்பதற்குள் பெரும்பகுதி வேலையை முடித்துவிடுவார். பால் எடுக்கும் நேரத்திலும் தலைக்கு மேல் மரத்தின் நிழல் இருக்கும். மறுநடவு செய்த செம்பனைக் காட்டில் அந்த நிழல் கிடையாது. கன்றுகளின் மட்டைகள் ஒன்றோடொன்று கூடுவதற்குச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை பம்பை முதுகில் சுமந்து நடப்பவருக்கு வானம்தான் கூரை. நிலநடுக்கோட்டை ஒட்டியிருக்கும் நம் நாட்டில் புற ஊதாக் கதிர்க் குறியீடு நண்பகலில் 11-ஐத் தொடுவதும் தாண்டுவதும் வழக்கம், உலக அளவுகோலில் 11-உம் அதற்கு மேலும் மிகக் கடுமையான நிலையாகும். உங்கள் தங்கைக்கு வாய்த்தது மர நிழல். வேறு மருந்து எதையும் அவர் மறைத்து வைத்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

புற ஊதாக் கதிர்களில் பி வகை தோலின் மேற்பரப்பைச் சுட்டுக் கறுக்க வைக்கிறது. ஏ வகை அதைவிட ஆழமாக இறங்கி, தோலுக்கு இறுக்கம் தரும் கொலாஜன் இழைகள் இருக்கும் அடுக்கை எட்டுகிறது. அங்கே அது ஆக்சிஜனிலிருந்து நிலைகொள்ளாத, பக்கத்தில் இருப்பதையெல்லாம் தாக்கும் துகள்களை உண்டாக்குகிறது; இவற்றுக்குத்தான் தனி உறுப்புகள் (ஃப்ரீ ராடிக்கல்) என்று பெயர். இவை கொலாஜனை வெட்டும் நொதிகளைத் தூண்டிவிடுகின்றன, புதிய கொலாஜன் உருவாவதையும் குறைக்கின்றன. உடல் மூப்புக்கே இத்தகைய துகள்கள் காரணமாகலாம் என்று 1956-இல் முதலில் எழுதியவர் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்கர். மருத்துவம் படிப்பதற்கு முன் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்தவர். ஏ வகைக் கதிர் கண்ணாடியையும் ஊடுருவும். 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் படம் 2012-இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. சன்னலை ஒட்டியிருந்த இடப்பக்கக் கன்னம் தடித்து மடிப்பு மடிப்பாகத் தொங்க, வலப்பக்கம் பல வயது இளையவரின் முகம்போல் இருந்தது. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால், நம் லாரி ஓட்டுநர்கள் கண்ணாடியில் வலக்கன்னத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சீரத்தின் கதையை உங்களுக்கு ரப்பரைக் கொண்டே சொல்லிவிடலாம். ஒரு ரப்பர் வளையத்தை வெயில் விழும் சன்னலோரம் போட்டுவைத்தால், சில வாரங்களில் பிசுபிசுத்து, பிறகு காய்ந்து, இழுத்தவுடன் முறிந்துவிடும். ஆக்சிஜனும் வெயிலும் சேர்ந்து அதன் நீண்ட இழைகளை அறுத்துவிடுவதே காரணம். இதை அறிந்துதான் டயர் ஆலைகளில் ரப்பரைக் கலக்கும்போதே ஆன்டிஆக்சிடன்ட் சேர்க்கிறார்கள். தாக்க வரும் துகளுக்குத் தன்னையே கொடுத்து இழையைக் காப்பது அதன் வேலை. ஆனால் வெடிப்பு விட்ட பழைய டயரின் மேல் அதே மருந்தைத் தடவினால் வெடிப்பு மூடிக்கொள்ளாது. தோலுக்குப் பூசும் ஆன்டிஆக்சிடன்டும் பெரும்பாலும் அப்படித்தான். இனி வரப்போகும் சேதத்தில் ஒரு பங்கைத் தடுக்கும் என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். 63 வயது வரை விழுந்த சுருக்கத்தைத் திராட்சை விதை அழித்துவிடும் என்று பெட்டியில் எழுதியிருப்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொரு தடையும் உண்டு. தோலின் மேலடுக்கு வெளிப்பொருளை எளிதில் உள்ளே விடாது. மூலக்கூறின் எடை 500 டால்டனைத் தாண்டினால் நுழைவது கடினம் என்பது மருந்தாக்கத்தில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வைட்டமின் சி 176 டால்டன்தான். திராட்சை விதையிலுள்ள பொருள்களில் பல, சிறிய அலகுகள் சங்கிலியாகக் கோத்த பெரிய மூலக்கூறுகள். சோதனைக் குழாயில் வெகு வேகமாக வேலை செய்யும் சாறு தோலின் வாசலிலேயே நின்றுவிடலாம். உணவுப் பொருள்களின் ஆன்டிஆக்சிடன்ட் வலிமையை எண்ணால் வரிசைப்படுத்திய ‘ஓராக்’ பட்டியலை அமெரிக்க விவசாயத் துறை 2012-இல் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டதும் இதை ஒட்டியதே; குழாயில் கிடைத்த எண் உடலில் கிடைக்கும் பயனைக் காட்டவில்லை, விற்பவர்களோ அந்த எண்ணைப் பெட்டியில் அச்சடித்தார்கள்.

செடிகளிலிருந்து வந்தவற்றில் ஓரளவு நல்ல சான்று உள்ள கூட்டு ஒன்று உண்டு. 15 விழுக்காடு வைட்டமின் சி, 1 விழுக்காடு வைட்டமின் ஈ, அவற்றோடு அரை விழுக்காடு ஃபெருலிக் அமிலம். முதல் இரண்டும் தோலுக்குத் தந்த வெயில் பாதுகாப்பை மூன்றாவது ஏறத்தாழ இரு மடங்காக்கியதாக 2005-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஃபெருலிக் அமிலம் நம் அரிசித் தவிட்டில் நிறைய இருக்கிறது. உமியும் தவிடும் போக அரிசியை வெள்ளையாகத் தீட்டி உண்ணும் நாம், அதையே குப்பியில் அடைத்து வந்தால் விலை கொடுத்து வாங்குகிறோம்.

இவை எல்லாவற்றையும்விட உறுதியான ஆய்வு ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் நடந்தது. 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நான்கரை ஆண்டுகள் கவனித்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொல்லப்பட்டவர்களிடம், விருப்பப்பட்டபோது பூசியவர்களைவிடத் தோல் மூப்பு 24 விழுக்காடு குறைந்திருந்தது. அதே ஆய்வில் ஒரு பிரிவினருக்குப் பீட்டா கரோட்டின் என்ற செடிவழி ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையும் கொடுத்தார்கள்; அதனால் தோல் மூப்பில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

ஆகவே, அம்மா, வாங்கிவிட்ட சீரத்தை வீணாக்க வேண்டாம். காலையில் இரண்டு மூன்று துளி பூசி, அது காய்ந்த பின் சன்ஸ்கிரீனை இரு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்கள். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். இரண்டாவது குப்பிக்குச் செலவழிக்கும் பணத்தில் அகன்ற தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வாங்கலாம். விழுந்துவிட்ட சுருக்கத்தைக் குறைக்க வேண்டுமானால் 1980-களிலிருந்து சான்றுள்ள டிரெட்டினோயின் களிம்பு இருக்கிறது. அதை மருத்துவர் சீட்டின் பேரில்தான் வாங்க வேண்டும். முகத்திலோ கையிலோ பல வாரங்களாக ஆறாத புண், அடிக்கடி பொருக்கு உதிரும் திட்டு ஏதேனும் இருந்தால், அழகுப் பொருள் பேச்சை விட்டுவிட்டு நேராகக் கிளினிக்குக்குப் போங்கள்.

கேள்வி: ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். நெல்லிக்காய்ச் சாறும் வைட்டமின் சி-யும் கலந்த சீரம் வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. காரில் வைத்திருந்தேன். தண்ணீர்போல் இருந்தது இப்போது தேநீர் நிறமாகிவிட்டது. பூசலாமா? இதற்குப் பதில் வீட்டிலேயே நெல்லிக்காய்ச் சாறு பிழிந்து பூசினால் என்ன?

பதில்: பூச வேண்டாம். வாழைப்பூவை நறுக்கியதும் நம் வீட்டில் மோரில் போடுகிறோம், போடாவிட்டால் கறுத்துவிடும். காற்றிலுள்ள ஆக்சிஜன் பூவின் சாற்றைத் தாக்குவதால் வரும் கறுப்பு அது. மோரின் புளிப்பு அதற்கு இடம் கொடுப்பதில்லை. உங்கள் குப்பிக்குள் நடந்ததும் அதற்கு உறவான செயல்தான். தோலுக்காகத் தன்னைக் கொடுக்க வேண்டிய வைட்டமின் சி, காரின் வெப்பத்திலும் திறக்கும்போதெல்லாம் நுழைந்த காற்றிலும் குப்பிக்குள்ளேயே தீர்ந்துவிட்டது. நண்பகலில் வெயிலில் நிறுத்திய காருக்குள் நாமே உட்கார முடிவதில்லை. அதை எப்படி உட்கார வைத்தீர்கள் என்று செல்லமாகக் கடிந்துகொள்ளத் தோன்றுகிறது. அடுத்த முறை அடர்நிறக் குப்பியில், சிறிய அளவில் வாங்கிக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

வீட்டில் பிழியும் சாறு சரிவராது. வைட்டமின் சி தோலுக்குள் இறங்க வேண்டுமானால் கரைசலின் புளிப்பைக் காட்டும் பிஎச் எண் 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்), செறிவும் கணக்காக இருக்க வேண்டும். 20 விழுக்காட்டைத் தாண்டினால் கூடுதல் பயன் இல்லை என்று 2001-இலேயே அளந்துவிட்டார்கள். பிழிந்த சாற்றில் எவ்வளவு இருக்கிறது என்பது காய்க்குக் காய் மாறும். நெல்லிக்காயைச் சாப்பிடுங்கள். மலாக்கா என்ற பெயர் பரமேசுவரா சாய்ந்து இளைப்பாறிய மரத்திலிருந்து வந்தது என்று பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பீர்களே, அந்த மலாக்கா மரம் நம் நெல்லி மரம்தான்.

கேள்வி: சுருக்கத்துக்குப் பூசும் வைட்டமின் ஏ வகையான ரெட்டினாலுக்கு மாற்றாகச் செடியிலிருந்து எடுத்த ‘பாகுசியால்’ என்று ஒரு பொருள் விற்கிறது. அது நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போகரிசியிலிருந்து வருவதாகப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) படித்தேன். கிரீம் விலை அதிகம். கார்போகரிசியையே அரைத்துப் பூசலாமா? என் பாட்டி குளியல் பொடியில் அதைச் சேர்ப்பார்.

பதில்: படித்தது சரி, செய்ய நினைப்பது தவறு. பாகுசியால் கார்போகரிசி விதையிலிருந்துதான் வருகிறது. அது ஆன்டிஆக்சிடன்டாகவும் இருக்கிறது, ரெட்டினாலைப் போலவே கொலாஜன் உருவாக்கத்தையும் தூண்டுகிறது. 44 பேரிடம் 12 வாரங்கள் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், அரை விழுக்காடு பாகுசியாலைத் தினம் இருமுறை பூசியவர்களுக்கும், அதே அளவு ரெட்டினாலை ஒருமுறை பூசியவர்களுக்கும் சுருக்கமும் கருமையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தன. தோல் உரிவதும் எரிவதும் ரெட்டினால் பூசியவர்களிடம் அதிகம். செடிச் சாறுகளில் எனக்கு ஓரளவு மதிப்பு உண்டாக்கியது இதுதான். 44 பேர் என்பது சிறிய கூட்டம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆனால் அதே விதையில் சோராலென் என்ற பொருளும் இருக்கிறது. இது தோலைப் புற ஊதா ஏ கதிருக்குக் கூசச் செய்வது. வெண்புள்ளிக்குக் கார்போகரிசியைப் பூசி வெயில் காட்டும் பழைய மருத்துவத்துக்கும், சோராலென் கொடுத்து ஏ கதிர் காட்டும் இன்றைய மருத்துவமனைச் சிகிச்சைக்கும் அடிப்படை இந்தக் குணம்தான். கிரீமில் சேர்க்கும் பாகுசியாலிலிருந்து சோராலெனை நீக்கிச் சுத்தப்படுத்துகிறார்கள். உங்கள் அம்மிக்கல்லுக்கு அந்தத் திறமை இல்லை. பாட்டியின் பொடியில் அது பல சரக்குகளில் ஒன்று, பூசிய சில நிமிடங்களில் கழுவியும் விடுவார்கள். அரைத்த விழுதை முகத்தில் ஊறவிட்டு வெயிலில் இறங்கினால் கொப்புளமும், அதற்குப் பின் மாதக்கணக்கில் நீடிக்கும் கருமையும் வரலாம்.

எலுமிச்சையிலும் இதே குடும்பத்துப் பொருள் உண்டு, இதைப் படித்துத் தெரிந்துகொண்டதைவிடப் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு தைப்பூசத்துத் தண்ணீர்ப் பந்தலில் காலை முழுவதும் வெயிலில் நின்று எலுமிச்சை பிழிந்தேன். இரண்டு நாள் கழித்து விரல்களின் பின்புறத்தில் சாறு வழிந்த தடத்திலேயே சிவந்து எரிந்தது. பிறகு அந்தத் தடங்கள் மை கொட்டியதுபோல் கறுத்து, மறைவதற்குச் சித்திரை வருடப் பிறப்பும் தாண்டிவிட்டது. முகத்தைப் பொலிவாக்க எலுமிச்சைச் சாறு தடவச் சொல்லும் காணொளிகளைப் பார்க்கும்போதெல்லாம் என் விரல்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

கேள்வி: இரவுச் சந்தையில் ‘நூறு விழுக்காடு மூலிகை’ என்று 25 வெள்ளிக்குக் கிரீம் விற்கிறார்கள். ஒரே வாரத்தில் மங்கு மறைந்தது. நிறுத்தினால் முன்பைவிடக் கறுக்கிறது. தொடரலாமா?

பதில்: இன்றே நிறுத்துங்கள். எந்தச் செடிச் சாறும் ஒரு வாரத்தில் மங்கை மறைக்காது. இவ்வளவு விரைவாக வெளுக்கிறது என்றால் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின் இவற்றில் ஏதோ ஒன்று சொல்லாமல் கலந்திருப்பதாகச் சந்தேகிக்க வேண்டும். இவற்றை அழகுப் பொருளில் சேர்க்க நம் நாட்டில் அனுமதி இல்லை, சேர்த்துப் பிடிபட்டவற்றின் பெயரைத் தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனம் அவ்வப்போது வெளியிட்டு வருகிறது. பாதரசம் தோல் வழியே ஏறிச் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். பூசுகிறவரின் கைபட்ட குழந்தைக்கும் போய்ச் சேரும். டப்பாவில் ‘என்.ஓ.டி.’ (NOT) என்று தொடங்கி எண்கள் வந்து ‘கே’ (K) என்று முடியும் அறிவிப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் அந்த நிறுவனத்தின் இணையத் தேடலில் எண்ணைப் போட்டு, அதே பொருளின் பெயர் வருகிறதா என்று சரிபாருங்கள். எண்ணைக் கள்ளத்தனமாக அச்சடிப்பதும் நடக்கிறது. மிச்சக் கிரீமை வீசாமல் கிளினிக்குக்கு எடுத்துச் சென்று காட்டி, சிறுநீரகப் பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: தோலுக்கு நல்லது என்று அப்பாவுக்குக் கரோட்டின் மாத்திரை வாங்கித் தரலாமா? 58 வயது, செம்பனை ஆலையில் வேலை, தினமும் ஒரு பெட்டி சிகரெட் புகைப்பவர். அல்லது வல்லாரை போன்றவற்றைச் சாப்பாட்டில் சேர்ப்பது போதுமா?

பதில்: உங்கள் அப்பாவுக்குக் கரோட்டின் மாத்திரை கட்டாயம் கூடாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் உட்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாக இருந்தது. காக்கும் என்று எதிர்பார்த்துக் கொடுத்த ஆன்டிஆக்சிடன்ட், புகைப்பவரின் நுரையீரலில் எதிராக வேலை செய்துவிட்டது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வையும் இதே காரணத்தால் 1996-இல் பாதியில் நிறுத்தினார்கள். சிகரெட்டே தோலைச் சுருக்குவது என்பதால், அவர் முகத்துக்கு நீங்கள் தரக்கூடிய உதவி மாத்திரைக் கடையில் இல்லை. புகைப்பதை நிறுத்த உதவும் பிரிவு அரசாங்கக் கிளினிக்குகளில் இருக்கிறது.

உணவு வழி வரும் கரோட்டினுக்கு இந்த அச்சம் வேண்டாம். உங்கள் அப்பா தினமும் பார்க்கும் சுத்திகரிக்காத செம்பனை எண்ணெயின் சிவப்பு நிறமே கரோட்டின்தான். ஒரு கிலோவில் 500 முதல் 700 மில்லிகிராம் வரை இருக்கும். சுத்திகரித்து வெளுத்து வாசனையை நீக்கும்போது அந்தச் சிவப்பு பெரும்பாலும் போய்விடுகிறது, நாம் கடையில் வாங்கிப் பொரிப்பது மஞ்சளாக இருப்பது அதனால்தான். தக்காளி இன்னும் எளிது. ஜெர்மனியில் 40 கிராம் தக்காளி விழுதைச் சிறிது ஆலிவ் எண்ணெயுடன் தினமும் பத்து வாரம் உண்டவர்களுக்கு, செயற்கைக் கதிரால் தோல் சிவப்பது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது என்று 2001-இல் எழுதினார்கள். பச்சைத் தக்காளியைவிட வதக்கிய தக்காளியிலிருந்தே லைகோபீன் என்ற அதன் சிவப்பு நிறப்பொருள் உடலில் நன்றாகச் சேர்கிறது, எண்ணெயும் அதற்குத் துணை. ஆலிவ் எண்ணெய்க்கு அலைய வேண்டாம். சார்டின் சம்பலுக்குத் தக்காளியை எண்ணெய் பிரியும்வரை வதக்குகிறோமே, செயல் அதேதான். ஆயினும் இது சன்ஸ்கிரீனுக்கு ஈடாகாது.

வல்லாரையை, மலாய் உணவுக் கடையில் பெகாகா என்று உலாமாக (சோற்றோடு உண்ணும் பச்சைக் கீரையாக) வைப்பதையே, தாராளமாகச் சாப்பிடலாம், துவையலும் நல்லது. அதிலுள்ள மடேகாசோசைடு, ஆசியாட்டிகோசைடு ஆகியவை புண் ஆற்றுவதிலும் கொலாஜன் உருவாக்குவதிலும் பல காலமாக ஆராயப்பட்டவை. 5 விழுக்காடு வைட்டமின் சி-யுடன் 0.1 விழுக்காடு மடேகாசோசைடு சேர்த்த களிம்பு, ஆறு மாதத்தில் வெயிலால் மூத்த தோலை ஓரளவு மேம்படுத்தியதாக ஒரு சிறிய ஆய்வும் உண்டு. தின்பதால் அதே பயன் முகத்துக்கு வரும் என்று அதை நீட்டிச் சொல்ல மாட்டேன். களிம்பாகப் பூச விரும்பினால், வல்லாரை சிலருக்கு அரிப்பும் தடிப்பும் தரும் என்பதால், முழங்கையின் உட்புறத்தில் பட்டாணி அளவு தடவி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். சிவக்காவிட்டால் மூன்றாம் நாள் முகத்துக்குப் போகலாம்.